மகன் இருக்கும் தீவு

என் மகனை மண்ணில் இறக்கியதை நான் கைபேசியில்தான் பார்த்தேன். ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நிற்க, உள்ளங்கை அளவு திரையில் பார்த்தேன். அங்கே காலை நேரம், இங்கே இரவுச் சாப்பாட்டு வேளை. அங்கிருந்த யாரோ ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பேச்சு ஒன்றும் கேட்கவில்லை, காற்றடிக்கும் சத்தம்தான் கேட்டது. பெட்டிமேல் குவியலாகப் பூக்கள். பக்கத்தில், அதுவரை நான் நேரில் பார்த்தே இராத என் மருமகள். அவள் இடுப்பில் என் பேத்தி. பெட்டியை இறக்க ஆரம்பித்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது மண்ணை மூடி முடித்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். "பொதைச்சிட்டாங்கமே, எம்புள்ளய பொதைச்சிட்டாங்க" என்று தெருவில் நின்று சொன்னார். எங்கள் வீட்டில் செத்தவர்களை எரிப்பதுதான் வழக்கம். நாகநதிக் கரைச் சுடுகாட்டில் அவர் தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர், அண்ணனுக்கும் வைத்தவர். மகனுக்கு வைக்கும்படி எந்த அப்பாவுக்கும் வரக்கூடாது. ஆனால் வந்துவிட்ட பிறகு, அதையும் செய்யமுடியாமல் போனதுதான் அவரைத் தின்றது.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரர் நெசவாளர்களிடம் பட்டுப்புடவை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறவர். மகனுக்குப் புடவையில் நாட்டமில்லை, கம்ப்யூட்டர் படித்தான். சென்னையில் வேலை பார்த்த கம்பெனி அவனை சிலி நாட்டுக்கு, சாந்தியாகோவுக்கு அனுப்பியது. அங்கே நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. ஒருநாள் போனில் சொன்னான்: "மா, அவளுக்கு சொந்த ஊரு ஒரு தீவு. பெரிய பெரிய கல்லு மொகம், கடலோரமா நிக்குமே, படத்துலல்லாம் காட்டுவாங்களே, அந்தத் தீவும்மா."

உலகம் அதை ஈஸ்டர் தீவு என்கிறது, சிலி நாட்டுக்குச் சேர்ந்தது. அங்கே பிறந்தவர்களுக்கு அது ராப்பா நூயி. அவர்கள் பசிபிக் கடல் தீவுகளில் பரவிய பாலினேசிய இனம். எந்தக் காலத்திலோ படகில் வந்து, நடுக்கடலில் ஒரு துண்டு நிலத்தைக் கண்டுபிடித்துத் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். வரைபடத்தில் அதைத் தேடி என் வீட்டுக்காரர் விரலை நகர்த்திக்கொண்டே போனார். நீலம்தான் வந்துகொண்டிருந்தது. "இன்னாடா இது, இதுக்கு அப்பால ஊரே கெடையாதா?" என்றார்.

அவர்கள் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு தீவுக்குக் குடிபோனதில் சில மாதம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "ரெண்டு பேரும் வரட்டும், மண்டபம் புடிச்சி ரிசப்ஷன் வெச்சிடலாம்" என்றார். சேவூரில் ஒரு தறியில் சொல்லி, அரக்கு நிறத்தில் பச்சைக்கரை வைத்து ஒரு புடவை நெய்ய வைத்தார். கரை அகலம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் கிளம்பும் சமயம் கொரோனா வந்தது. தீவையே மூடிவிட்டார்கள். திறந்தபோது மருமகள் வயிற்றில் பிள்ளை. அதன் பிறகு குழந்தை சின்னது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. அவன் அந்தத் தீவிலேயே பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டு, வீடுகளுக்கு சோலார் மாட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டான். புடவை பீரோவில் இருந்தது.

ஒருநாள் தலை வலிக்கிறது என்று படுத்திருக்கிறான். தலைக்குள்ளே ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. அங்கே இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. தலையைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் சாந்தியாகோவுக்குத்தான் போகவேண்டும், அது கடலுக்கு மேலே பல மணி நேரம். இவனை ஏற்றிப்போக விமானம் கிளம்பி வந்தது. வந்து இறங்கியபோது இவன் இல்லை. மருமகள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

எங்களுக்கு விசா கிடைக்கவே மாதக்கணக்கானது. அதுவரை என் வீட்டுக்காரர் காரியம் செய்ய மறுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து வந்து சொன்னார்கள். "நெருப்பு வெக்காம இன்னா காரியம்? நான் போயி எடுத்துகினு வந்து, எரிச்சிட்டு, அப்பறம் செய்றேன்" என்று ஒரே பிடியாக நின்றார். நான்தான் எல்லோரையும் சமாதானப்படுத்தினேன். அவரிடமும், "மொதல்ல போயி பார்ப்பம்ங்க" என்று பதமாகச் சொல்லிவைத்தேன். நான் தைரியசாலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பெட்டியில் எள், பச்சரிசி, தர்ப்பை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டார். நான் அந்த அரக்குப் புடவையை எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார். "அத எதுக்குமே? இனிமே அந்தப் பொண்ணு எப்டி கட்டும்?" என்றார். அவளுக்கென்று நெய்தது, அவளிடமே போகட்டும் என்றேன்.

விமானம் மாறி மாறி சாந்தியாகோவில் இறங்கியபோது எனக்கு எந்த நாள் என்றே தெரியவில்லை. அங்கே பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். விதைகளும் காய்ந்த புல்லும் அவர்கள் நாட்டுக்குள் வரக்கூடாதாம். சீருடை போட்ட ஒரு சின்னப்பெண் எள் பொட்டலத்தையும் தர்ப்பைக் கட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் வீட்டுக்காரர் தமிழிலேயே சொன்னார்: "இது எம்புள்ளைக்கும்மா. செத்துட்டான். அவனுக்கு வெக்கணும்." அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அவர் முகத்தைப் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டினாள். தூக்கிப் போடவில்லை. குனிந்து, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு மெதுவாக வைத்தாள். அவள்மேல் தப்பில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு தீவு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கடல், கடல், கடல்.

தீவில் படியிறங்கி நடந்துதான் வெளியே வரவேண்டும். காற்று என் புடவையைப் பிடுங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் பூமாலை போடுவது அவர்கள் வழக்கம். மருமகள் எங்கள் இருவர் கழுத்திலும் போட்டாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மாலையா என்று நான் மலைத்து நின்றேன். என் வீட்டுக்காரர் கழற்றினார், ஆனால் கீழே வைக்கவில்லை, வீடுவரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மருமகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "மா" என்றாள். அவன் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

பேத்தி முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றத் தாமதித்தபோது, உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "தாத்தா, ஜல்தி வா! ஜல்தி!" என்றாள். அப்படியே அவன் குரல், ஆரணிப் பேச்சு. அவர் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தகரக்கூரை போட்ட சின்ன வீடு. சுற்றிலும் வாழை. நம் சேப்பங்கிழங்குச் செடியும் இருந்தது, அவர்களுக்கும் அது சாப்பாடுதான். அன்றைக்கு மருமகள் ஒரு கோப்பையில் ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கே புளி கிடையாது, எலுமிச்சம்பழம் பிழிந்து வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சீரகம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் கேட்டுவிட்டார். அவளுக்கு ஸ்பானிஷும் அவர்கள் மொழியும் தெரியும், இங்கிலீஷ் கொஞ்சம். எங்களுக்கு அந்தக் கொஞ்சமும் இல்லை. கைபேசியை நடுவில் வைத்துத்தான் பேசினோம். நாங்கள் தமிழில் சொன்னால் அது ஸ்பானிஷில் சொல்லும், அவள் சொல்வதை எங்களுக்குப் பாடப்புத்தகத் தமிழில் சொல்லும். "எம்புள்ளய நான் இட்டுகினு போவணும். எரிக்கணும். எங்க வழக்கம் அது" என்றார். போன் அதை எப்படிச் சொன்னதோ, அவள் எழுந்து வாழைமரத்துப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கூடவே அவளுடைய தாய்மாமன் வந்தார். கனத்த உடம்பு, வெள்ளை முடி, மெதுவான பேச்சு. எடுப்பதென்றால் அனுமதி வாங்கவேண்டும், தீவில் எரிக்கும் இடம் கிடையாது, விமானத்தில் சாந்தியாகோவுக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்று எடுத்துச் சொன்னார். முடியாது என்று சொல்லவில்லை.

பிறகு அவள் கைபேசியை எடுத்து வாயருகே வைத்துப் பேசினாள். போன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னது: "அவர் என் கணவர் ஆவதற்கு முன்பு உங்கள் மகன். நீங்கள் கேட்டால் நான் கையெழுத்திடுவேன். ஆனால் குழந்தையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அன்று மத்தியானம் மாமன் எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டும் என்று நினைத்திருப்பார். எனக்குச் சிலை பார்க்கும் மனமே இல்லை. மகன் செத்த ஊரில் சுற்றுலாவா என்றிருந்தது. பேத்தி தாத்தா மடியில் ஏறிக்கொண்டாள், அதனால் போனோம்.

கடற்கரையில் நீளமான கல்மேடை. அதன்மேல் வரிசையாக நின்றார்கள். நின்றன என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே. நீண்ட காது, இறுக மூடிய உதடு. ஒரு காலத்தில் எல்லாம் குப்புறத் தள்ளப்பட்டுக் கிடந்தனவாம். அப்புறம் கடல் பொங்கி வந்து அடித்து இன்னும் சிதறடித்ததாம். எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் கடலுக்கு முதுகக் காட்டிகினு நிக்குதே, ஏன்?"

மாமன் கைபேசியில் சொன்னார். இவை சாமிகள் அல்ல, தாத்தாக்கள். ஊரில் பெரியவர் ஒருவர் இறந்தால் அவருக்காக ஒரு முகம் செதுக்குவார்கள். பவளத்தில் கண் செய்து பொருத்தினால்தான் அதற்கு உயிர் வரும். முன்னால்தான் ஊர் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நம்ம கோயில்ல செலைக்குக் கண்ணு தொறக்கிற மாதிரிதான்" என்றார் இவர், என்னிடம்.

அங்கிருந்து மலைக்குப் போனோம். எல்லாச் சிலையும் வெட்டியெடுத்த மலை அது. சரிவு முழுக்கக் கழுத்துவரை மண்ணில் புதைந்த முகங்கள். மேலே ஒரு சிலை வெட்டியும் வெட்டாமலும் படுத்துக்கிடந்தது. மூக்கு, வாய், கை எல்லாம் முடித்திருந்தார்கள். முதுகு மட்டும் பாறையைவிட்டுப் பிரியவில்லை. செதுக்கியவர்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். நான் அதன் எதிரே இருந்த பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிரசவ ஆஸ்பத்திரியில் முதல்முதலாக அவனை என் பக்கத்தில் கிடத்தியது ஞாபகம் வந்தது. அதுவரை நான் அழவில்லை. ஊரில் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே அழுதேன். சத்தம் வராமல்தான். காற்றில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போவது மருமகளின் வழக்கம். காலையில் நான் புடவையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் இதன் படத்தைக் காட்டியிருக்கிறான். போனில் ஏதோ சொன்னாள். போன் சொன்னது: "இதை உடுத்திக்கொண்டு அவரிடம் போக விரும்புகிறேன். எனக்கு உடுத்தத் தெரியாது. உதவுவீர்களா?"

எங்கள் வீடுகளில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மாமியார் பட்டுப்புடவை கட்டிவிடமாட்டாள். எனக்குத் தெரிந்து யாரும் கட்டிவிட்டதில்லை. நான் அவளிடம் அதை எப்படிச் சொல்வேன், எந்தப் போன் அதைச் சொல்லும். அவள் வெள்ளைச் சட்டையின்மேல் கட்டிவிட்டேன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, கொசுவம் நிறைய எடுக்க முடியவில்லை. முந்தானையைச் சரிசெய்தபோது அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். வீடியோவில் என் நெற்றியைப் பார்த்திருக்கிறாள். என் பையிலிருந்து பொட்டு எடுத்து ஒட்டினேன். வெளியே வந்தவளைப் பார்த்து என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ரிசப்ஷன் மேடையில் பார்க்கவேண்டியதை அந்தத் தகரக்கூரையின் கீழே பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக வண்டிக்குப் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டி இருக்கிறது. வெள்ளைச் சிலுவைகள், எங்கும் பூ. அவனுக்குச் சிலுவை இல்லை. ஒரு மரப்பலகையில் அவன் பெயரைத் தமிழில் செதுக்கி வைத்திருந்தார்கள். மாமன் செதுக்கியது. அவன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார், ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. பேத்தி மண்மேட்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்தாள். பாதியைப் பிட்டு அப்பாவுக்கு வைத்துவிட்டு மீதியைத் தின்றுகொண்டே ஸ்பானிஷில் என்னென்னவோ அவனிடம் சொன்னாள். சிரித்தாள். மருமகள் புடவை மண்ணில் படுவதைப் பார்க்காமல் மண்டியிட்டு, முந்தானையை இரு கையாலும் விரித்து அவனுக்குக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேணாம்மே. இங்கியே இருக்கட்டும்" என்றார்.

எனக்குள்ளே என்னவோ அறுந்தது. இத்தனை மாதம் எடுத்துக்கொண்டு வருவேன் எடுத்துக்கொண்டு வருவேன் என்று கத்தியது அவர். அவர் கத்திக்கொண்டிருந்ததால்தான் நான் அமைதியாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எப்படியும் இவர் கொண்டுவந்துவிடுவார் என்று அடிவயிற்றில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க சொல்லிட்டா ஆச்சா? என்னைக் கேட்டீங்களா?" என்றேன். "பெத்தவ நானு. இங்க யாரு இருக்காங்க அவனுக்கு? இந்தக் காத்துல, இந்தக் கடலோரத்துல வுட்டுட்டு நான் எப்டி விமானம் ஏறுவேன்? நான் எடுத்துகினுதான் போவேன்."

"பாரும்மே, அந்தக் கொழந்தய..."

"எனக்கு எங்கொழந்த வேணும்!"

அந்த மேட்டின்மேல் விழுந்தேன். மண் ஈரமாக இருந்தது. கையால் பறித்திருக்கிறேன், நகத்தில் மண் ஏறியதைப் பிறகுதான் பார்த்தேன். மாமன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். அவள் பயந்து அழும் சத்தம் கேட்டது. யாரோ என் பக்கத்தில் படுத்தார்கள். பட்டு சரசரத்தது. மருமகள் என்னோடு மண்ணில் படுத்து, என் முதுகின்மேல் கையைப் போட்டுக்கொண்டு, அவளும் கத்தி அழுதாள். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. அவன் பெயரைத் தவிர.

மறுநாள் காலை அவள் குளித்து, தலைவாரி, கையெழுத்துப் போடப் போகலாமா என்று சைகையில் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். எனக்கு ஆம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. குழந்தை தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. இதனிடம் நான்தான் சொல்ல வேண்டும். உன் அப்பாவை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போக இடமில்லை என்று. எனக்கு அந்த வாய் வரவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மனம் ஒப்பி ஆட்டியதல்ல. என் பெருந்தன்மை என்று இதை யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காரியத்தைக் கடலோரத்தில் ஒரு சின்ன மணல்திட்டில் செய்தார் என் வீட்டுக்காரர். எள் இல்லை, தர்ப்பை இல்லை. மருமகள் வடித்துக் கொடுத்த சோற்றை உருட்டி வைத்தார். மாமன் தன் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். மந்திரம் சொல்ல ஆளில்லை. "போயி வாடா" என்று மட்டும் என் வீட்டுக்காரர் சொன்னார். அலை வந்து சோற்றை எடுத்துக்கொண்டது. தண்ணீரில் முங்கி எழுந்தவருக்குக் குளிரில் பல் கிட்டித்தது. மாமன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார்.

கிளம்பும்போது மறுபடியும் மாலை போட்டார்கள், இந்தமுறை சிப்பி மாலை. விமானம் எழும்பியபோது கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தேடினேன். எங்கள் பக்கத்து ஜன்னலில் அது வரவில்லை. மறுபக்கம் இருந்திருக்கும்.

இப்போது ஆரணியில் எல்லாம் பழையபடி நடக்கிறது. அவர் காலையில் சேவூர்ப் பக்கம் போய்த் தறிகளைப் பார்த்துவிட்டு வருகிறார். என்னிடம் முன்னைவிட மெதுவாகப் பேசுகிறார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சாப்பாடு போடும்போது சில நாள் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அவரும் அதைக் கவனித்திருக்கிறார், கேட்பதில்லை.

மறுபடி ஒருமுறை அங்கே போவோம் என்று மருமகளிடம் போனில் சொல்கிறோம். அவருக்கு முட்டி போய்விட்டது. எனக்கும் அவ்வளவு தூரம் இனித் தாங்காது. அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன், "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள்.

போன மாதம் போளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தி, நெடுநேரம் தயங்கிவிட்டு, "அக்கா, அந்தக் கல்லு செலைங்களல்லாம் பாத்தீங்களா? நெஜமாவே அம்மாம் பெருசா?" என்று கேட்டாள். அவனைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. சிலைகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

"பெருசுதாம்மா" என்றேன். இலையில் சாதம் வந்தது. காது எவ்வளவு நீளம், உதடு எப்படி மூடியிருக்கும் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.